புதுச்சேரியில் தொடங்கி, கைதி முகாமில் வளர்ந்த மரப் பட்டறை

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாநிலம். அங்கே “நியூ ஹோப்” என்று ஒரு சிற்றூர். “புதிய நம்பிக்கை” என்பது அந்தப் பெயரின் பொருள்.

அந்த ஊரை அடுத்து, மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில் தச்சுப் பட்டறை ஒன்று இருக்கிறது.

அது பெரிய தொழிற்சாலை அல்ல. ஒரே மாதிரியான நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் அங்கிருந்து வெளியே வருவதில்லை.

“எனக்கு ஒரு சாப்பாட்டு மேசை வேண்டும்” என்று அங்கே போய்க் கேட்டால், மேசையைக் காட்ட மாட்டார்கள். பலகையைத்தான் காட்டுவார்கள்!

கொட்டகை நிறையப் பலகைகள். சில ஆள் உயரம். சில அதற்கும் மேல். ஒவ்வொன்றிலும் மரத்தின் ரேகை ஒவ்வொரு விதமாக ஓடும். ஒன்றில் கணு இருக்கும். ஒன்றில் வெடிப்பு இருக்கும். ஒன்றில் மரப்பட்டை இருந்த ஓரம் அப்படியே வளைந்து நெளிந்து இருக்கும்.

மேசை எந்த அறைக்கு, எத்தனை பேர் உட்காருவதற்கு என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கேற்ற பலகையைத் தேர்ந்து எடுப்பார்கள். காகிதத்தில் படம் போட்டுக் காட்டுவார்கள். அதன் பிறகுதான் வேலை தொடங்கும்.

மாதங்கள் கழித்து மேசை வீடு வந்து சேரும். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், கறுப்பு மையில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அது தச்சரின் பெயர் அல்ல, மேசையை வாங்கியவரின் பெயர்!

அந்தப் பட்டறையைத் தொடங்கியவர் ஜார்ஜ் நகாஷிமா.

அவருக்கும் நம் புதுச்சேரிக்கும் பெரிய தொடர்பு உண்டு. அவர் மரச்சாமான் தொழிலில் முதன்முதலாகக் கை வைத்ததே புதுச்சேரியில்தான்!

காரை விற்றார், கப்பல் ஏறினார்

நகாஷிமா 1905-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்போகேன் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஜப்பானில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

மகன் நன்றாகப் படித்தார். முதலில் காட்டு இலாகா சம்பந்தமான படிப்பு. பிறகு கட்டிடக் கலை. எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

பட்டம் வாங்கிய நேரம் நல்ல நேரமாக இல்லை. 1929-ம் ஆண்டு தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை ஆட்டிப் படைத்தது. படித்தவர்களும் வேலை இல்லாமல் தெருவில் நின்றார்கள். நகாஷிமாவின் வேலையும் போயிற்று.

அவரிடம் இருந்தது ஒரு கார். அதை விற்றார். அந்தப் பணத்தில் உலகத்தைச் சுற்றிவரக் கப்பல் டிக்கெட் வாங்கினார்!

பாரீஸ் நகரில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு ஜப்பான் தலைநகர் டோக்கியோவுக்குப் போனார். அங்கே அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அது 1934-ம் ஆண்டு.

அந்த அலுவலகத்துக்குத்தான் புதுச்சேரியில் இருந்து ஒரு வேலை வந்தது.

பாத்திரம் உருகி, கைப்பிடி ஆயிற்று

புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்பர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்ட நினைத்தார்கள். ஐதராபாத் நிஜாம் அரசு அதற்கு நிதி கொடுத்தது. அதனால் கோல்கொண்டா நினைவாக விடுதிக்கு “கோல்கொண்ட்” என்று பெயர் வைத்தார்கள்.

விடுதியைக் காங்கிரீட்டில் கட்டுவது என்று முடிவாயிற்று. நம் நாட்டில் அந்தக் காலத்தில் அது புதுமை. வீடு என்றால் செங்கல், சுண்ணாம்பு, மரத் தூலம் என்று இருந்த நாட்கள் அவை.

வேலையை உடன் இருந்து கவனிக்க ஒருவர் வேண்டும். “நான் போகிறேன்” என்று முன்வந்தார் நகாஷிமா. 1937-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

மேலே கொளுத்தும் வெயில். பக்கத்தில் கடல். ஆண்டுக்கு ஆண்டு அடை மழை. இதற்கெல்லாம் ஈடு கொடுக்கும் கட்டிடம் வேண்டும். மின்விசிறி இல்லாமலே காற்று வர வேண்டும்.

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள்.

அறைகளின் நீண்ட பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்த்தது. காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே உள்ளே வராது.

சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. தரையில் இருந்து கூரை வரை படுக்கை வாட்டத்தில் பலகைகளைப் பொருத்தினார்கள். அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த கல்நார் சிமெண்டுப் பலகைகள் அவை. கைப்பிடியைத் திருப்பினால் பலகைகள் சாயும். காற்று வேண்டுமானால் திறக்கலாம். மழை வந்தால் மூடலாம்.

கூரையும் இரட்டைக் கூரை. காங்கிரீட் தளத்துக்கு மேலே, வளைந்த காங்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவே காற்று. மேலே விழும் வெயில் கீழே இறங்காது.

கதவுகள் தேக்கு மரம். அறைகளுக்கான தேக்கு மரச் சாமான்களை வடிவமைத்தவர் நகாஷிமா.

கதவுக் கைப்பிடி, கீல் போன்றவற்றுக்குப் பித்தளை தேவைப்பட்டது. அன்பர்கள் தங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை உருக்கி, அச்சில் வார்த்துக் கைப்பிடி செய்தார்கள்!

தவலையும் செம்பும் கதவுப் பிடியாக மாறிய இந்த வேலையை நகாஷிமா கண்ணாரப் பார்த்தார். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு துண்டையும் கையால் செய்யும் முறை அங்கே அவர் மனதில் பதிந்தது.

அவர் சம்பளத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் “சுந்தரானந்தா” என்று பெயர் சூட்டினார். அழகில் இன்பம் காண்பவர் என்பது அதன் பொருள்.

1939-ல் ஐரோப்பாவில் போர் மூண்டது. அந்த ஆண்டு நகாஷிமா புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கோல்கொண்ட் வேலை 1940-களில்தான் முற்றும் முடிந்தது. அந்த விடுதி இன்றும் புதுச்சேரியில் இருக்கிறது.

குழந்தையோடு முள்வேலிக்குள்

டோக்கியோவில் நகாஷிமா ஒரு பெண்ணைச் சந்தித்தார். மேரியன் என்பது அவர் பெயர். அவரும் ஜப்பானிய வம்சத்தில் வந்த அமெரிக்கர். இருவருக்கும் 1941-ல் அமெரிக்காவில் திருமணம் நடந்தது.

சியாட்டில் நகரில் குடித்தனம் தொடங்கினார்கள். ஒரு கத்தோலிக்கச் சிறுவர் சங்கத்தின் நிலவறையில் நகாஷிமா சிறிய பட்டறை போட்டார். வாடகைப் பணம் இல்லை. அதற்குப் பதிலாகச் சிறுவர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார்.

படித்த படிப்போ கட்டிடக் கலை. செய்த வேலையோ தச்சு. ஏன்? ஒரு கட்டிடம் எழும்ப நூறு பேர் கை வேண்டும். வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர். மேசையும் நாற்காலியும் அப்படி அல்ல. தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் கண்பார்வையில் செய்ய முடியும். அதுதான் அவருக்குப் பிடித்தது.

தொழில் அப்போதுதான் தலை தூக்கியது. அதற்குள் இடி விழுந்தது.

1941 டிசம்பர் 7. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு வீசியது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்த உத்தரவின்படி, மேற்குக் கடற்கரைப் பகுதியில் இருந்த ஜப்பானிய வம்சத்தினர் வீடு வாசலைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்காவில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள்! அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. விசாரணையும் இல்லை. ஜப்பானிய முகம் என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது.

கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம் என்றார்கள். கடை, வயல், வீடு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள்.

நகாஷிமா தம்பதிக்கு அந்த ஆண்டுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மீரா என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறந்து சில வாரமே ஆன பச்சைக் குழந்தை. அந்தக் குழந்தையோடுதான் அவர்கள் முகாமுக்குப் போனார்கள்.

முகாமின் பெயர் மினிடோக்கா. ஐடஹோ மாநிலத்தில், மரமே இல்லாத வறண்ட பூமியில் இருந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி. காவல் கோபுரம். தார் காகிதம் ஒட்டிய மரக் கொட்டகைகள். காற்று அடித்தால் புழுதி உள்ளே வரும். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. மொத்தம் சுமார் 9 ஆயிரம் பேர் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள்.

கைதி முகாமில் ஒரு குரு

அந்த இடத்தில்தான் நகாஷிமாவுக்கு ஒரு குரு கிடைத்தார்!

ஜென்டாரோ ஹிகோகாவா என்று ஒரு தச்சர். ஜப்பானியப் பழைய முறையில் தொழில் பழகியவர். அவரும் அதே முகாமில் கைதி.

ஜப்பானியத் தச்சு முறையில் ரம்பத்தைத் தள்ளி அறுப்பதில்லை, இழுத்து அறுப்பார்கள். இழைப்புளியையும் தம் பக்கமாகத்தான் இழுப்பார்கள். இழுக்கும்போது ரம்பத் தகடு வளையாது. ஆகவே தகடு மெல்லியதாக இருக்கலாம். மெல்லிய தகடு மெல்லிய கோடாக அறுக்கும்.

இரண்டு துண்டு மரத்தைச் சேர்க்க ஆணியை நம்ப மாட்டார்கள். ஒன்றில் துளை, மற்றொன்றில் நாக்கு. நாக்கு துளைக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். நூலிழை தவறினாலும் ஆட்டம் கொடுக்கும். கோயில் தேரும் பழைய வீட்டு வாசற்காலும் செய்யும் நம் ஊர் ஆசாரிகளுக்கும் இந்த நுட்பம் கைவந்த கலைதான்.

முகாமில் நல்ல மரம் ஏது? கொட்டகை கட்டி மிச்சமான பலகைத் துண்டுகள் கிடந்தன. வெளியே பாலைவனப் புதர்களின் முறுக்கிய கட்டைகள் கிடந்தன. ஆசிரியரும் மாணவரும் அவற்றை எடுத்தே வேலை செய்தார்கள்.

கோணல் கட்டையை மற்றவர்கள் அடுப்பில் வைப்பார்கள். இவர்கள் அந்தக் கோணலையே அழகாக்கப் பார்த்தார்கள்.

பட்டதாரிக்குப் படிப்பு பல்கலைக் கழகத்தில் கிடைத்தது. தொழில் முள்வேலிக்குள் கிடைத்தது!

கோழிப் பண்ணையில் விடுதலை

நகாஷிமா முகாமில் இருக்கும் செய்தி ரேமண்டுக்கு எட்டியது. டோக்கியோவில் அவருக்கு முதலாளியாக இருந்தவர்தான். அவர் அமெரிக்கா திரும்பி, நியூ ஹோப் பக்கத்தில் ஒரு பண்ணை வைத்திருந்தார்.

“இவரை என் பண்ணை வேலைக்கு அனுப்புங்கள்” என்று அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். மனு பலித்தது. 1943-ல் நகாஷிமா குடும்பம் முகாமை விட்டு வெளியே வந்தது.

எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கியவர் ரேமண்டின் பண்ணையில் கோழிகளைப் பராமரித்தார்!

அவர் அதற்காக வெட்கப்படவில்லை. வேலை முடிந்த நேரத்தில் மரத்தைத் தொட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் வந்தது.

சொந்த இடம் வேண்டும். கையில் காசு இல்லை. அந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த ஒருவர் நல்ல மனம் படைத்தவர். பணத்துக்குப் பதிலாக உழைப்பை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். நகாஷிமா அவருக்கு வேலை செய்து கொடுத்தார். மூன்று ஏக்கர் நிலம் கிடைத்தது.

முதலில் எழும்பியது பட்டறை. வீடு அதற்குப் பிறகுதான்! வயலில் கிடந்த கல்லைப் பொறுக்கிச் சுவர் வைத்தார்.

வெடிப்பை மறைக்கவில்லை

ஒரு மரத்தைப் பலகையாக அறுப்பது சாதாரண காரியம் அல்ல. வெளியே பார்த்தால் கட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே உளுத்துப் போயிருக்கலாம். பழைய ஆணி புதைந்திருக்கலாம். ரம்பம் ஆணியில் பட்டால் பல் போகும்.

எந்தப் பக்கமாக அறுப்பது, எத்தனை அங்குலக் கனம் வைப்பது? இதை அறுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். தவறாக அறுத்துவிட்டால், பல நூறு ஆண்டு வளர்ந்த மரம் ஒரு நிமிடத்தில் வீண். ஒட்டி வைக்க முடியாது. அறுப்பு மில்லுக்கு நகாஷிமா தாமே போய்ப் பக்கத்தில் நின்று அறுக்கச் சொல்வார்.

அறுத்த பலகைகளை, மரத்தில் இருந்த அதே வரிசையில் அடுக்கி வைப்பார். இடையிடையே சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக உலர விடுவார். ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும் என்பது தச்சர்கள் கணக்கு. மூன்று அங்குலப் பலகை என்றால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்!

உலரும்போது மரம் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. அதனால் வெடிப்பு விடும். வெடித்த பலகையைப் பலர் ஒதுக்கிவிடுவார்கள். அல்லது மெழுகும் தூளும் கலந்து பூசி மறைப்பார்கள்.

நகாஷிமா மறைக்கவில்லை. வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு மரத்துண்டைப் பதித்தார். அது வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் அகலம், நடுவில் ஒடுக்கம். அகலமான இரண்டு சிறகும் வெடிப்பின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் வெடிப்பு விரியாது.

குறையாக இருந்த இடமே மேசைக்கு அழகாயிற்று. அந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தால் நகாஷிமாவின் மேசை என்று உலகம் கண்டுகொண்டது.

பெரிய கம்பெனிகளும் அவரைத் தேடி வந்தன. 1940-களில் ஒரு கம்பெனி அவருடைய நாற்காலியைத் தன் தொழிற்சாலையில் செய்து விற்றது. ஆனால், தம் பட்டறையில் அதைச் செய்யும் உரிமையை அவர் விட்டுக் கொடுக்கவில்லை. தொழிற்சாலை முதலாளி ஆகவும் ஆசைப்படவில்லை. கடைசி வரை அது பட்டறையாகவே இருந்தது.

அவர் இயந்திரத்தை வெறுத்தவரும் அல்லர். பலகையைச் சமப்படுத்த இயந்திரம் இருந்தது. ஆனால் பொருத்தும் வேலையும், இழைத்து மெருகு ஏற்றும் வேலையும் கையில்தான்.

முட்டை ஓடு போல ஒரு கூரை

மரத்தை நேசித்தவர் காங்கிரீட்டை மறக்கவில்லை. புதுச்சேரியில் பழகிய பொருள் அல்லவா?

1950-களின் இறுதியில் தம் இடத்திலேயே ஒரு வேலைக் கூடம் கட்டினார். அதன் கூரை முழுவதும் காங்கிரீட். கனம் சுமார் இரண்டரை அங்குலம்தான். உள்ளே கூரையைத் தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது!

எப்படி நிற்கிறது?

ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு ஓரத்தையும் இரண்டு புத்தகத்தின் மேல் வையுங்கள். நடுவில் தொங்கும். அதே காகிதத்தை விசிறி போல மடித்து வையுங்கள். விறைப்பாக நிற்கும். மேலே ஒரு பென்சிலை வைத்தாலும் தாங்கும். காகிதம் கனமாகவில்லை. வடிவம்தான் மாறியது.

நகாஷிமாவின் கூரையும் அப்படித்தான். முன் பக்கம் அலை அலையாக வளைந்திருக்கும். பின்னால் போகப் போக அலை தணிந்து நேர்க்கோடாகும். கடல் சிப்பி போலத் தோன்றும். இரும்புக் கம்பியைப் பின்னி, மேலே காங்கிரீட் போட்டார்கள். கனம் தாங்குவது தடிமன் அல்ல, வளைவுதான்.

அந்த வளைவுக்கு “கோனாய்டு” என்று கணித நூலில் பெயர். கூடத்துக்கும் அதே பெயர் வைத்தார். பிறகு அவர் செய்த ஒரு நாற்காலிக்கும் அதே பெயர் வந்தது.

அந்த நாற்காலிக்கு இரண்டே கால்! நாற்காலி என்ற நம் சொல்லே அங்கே பொய்யாகிறது. கால்களுக்கு அடியில் நீளமான இரண்டு சட்டங்கள் தரையில் படிந்திருக்கும். உட்கார்ந்தால் சாயாது.

1964-ல் அவர் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகம் அவரை அழைத்தது. அங்கேயே செய்யத்தக்க மரச்சாமான்களை அவர் வடிவமைத்துக் கொடுத்தார்.

வெந்து போன நூறு சாமான்கள்

அமெரிக்கப் பெரும் பணக்காரர் நெல்சன் ராக்பெல்லர். 1970-களில் தம் மாளிகைக்காக நகாஷிமாவிடம் சாமான்கள் செய்யச் சொன்னார். ஒன்றல்ல, இரண்டல்ல. சுமார் 200! ஒரு காலத்தில் முள்வேலிக்குள் அடைத்து வைக்கப்பட்டவருக்கு வந்த ஆர்டர் அது.

1983-ல் ஜப்பான் அரசு அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது.

1988-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் செய்தது. ஜப்பானிய வம்சத்தினரை அடைத்து வைத்தது தவறு என்று அதில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20 ஆயிரம் டாலர் கொடுக்க ஏற்பாடு செய்தது. தவறு நடந்து 46 ஆண்டு ஆகிவிட்டது. பலர் அதற்குள் இறந்து போனார்கள்.

1989-ல் வேறொரு சோதனை. நகாஷிமாவின் சாமான்களை ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு தம்பதியின் வீடு தீப்பிடித்து எரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சாமான்கள் சாம்பலாயின.

நகாஷிமாவுக்கு அப்போது வயது 84. அவர் சோர்ந்து உட்காரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி செய்யும் வேலையைத் தொடங்கினார். ஆனால் முடிக்க ஆயுள் இடம் கொடுக்கவில்லை. 1990 ஜூன் மாதம், 85-வது வயதில் காலமானார்.

மகள் பிடித்த உளி

இப்போதுதான் பட்டறைக்கு உண்மையான சோதனை வந்தது.

கைத்தொழில் செய்கிறவர் இறந்தால் தொழிலும் இறந்துபோவது உலக வழக்கம். “அவர் இல்லாத பட்டறையில் சாமான் எப்படி வாங்குவது?” என்று நினைத்தார்கள் வாடிக்கைக்காரர்கள். கொடுத்த ஆர்டர்களைப் பலர் ரத்துச் செய்தார்கள்.

பட்டறைப் பொறுப்பை ஏற்றவர் மகள் மீரா. சில வாரக் குழந்தையாக முகாமுக்குப் போன அதே மீரா!

அவரும் கட்டிடக் கலை படித்தவர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பட்டம் பெற்றவர். 1970 முதல் தந்தையிடம் வேலை செய்தவர். தந்தையின் கண் எந்தப் பலகையில் எதைப் பார்க்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பல ஆண்டு பழகிய தச்சர்களும் அவரை விட்டுப் போகவில்லை.

தீயில் போன சாமான்களைச் செய்து முடிக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. அதைச் செய்து முடித்தார். பார்த்தவர்கள் திருப்தி அடைந்தார்கள். போன வாடிக்கை மெல்லத் திரும்பியது. தந்தையின் வடிவங்களோடு தம்முடைய வடிவங்களையும் மீரா சேர்த்தார்.

நகாஷிமாவின் வீடும் பட்டறையும் அமைந்த இடத்தை 2014-ல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அவரை அடைத்துப் போட்ட அதே அரசு!

ஒரு மரம், பல கண்டங்கள்

நகாஷிமாவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பேராசை இருந்தது. அது பணத்தாசை அல்ல.

1984-ல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் இருந்து அவருக்கு ஒரு பெரிய அக்ரூட் மரம் கிடைத்தது. சுமார் 300 ஆண்டு வளர்ந்த மரம். அதை அறுத்தபோது மிகப் பெரிய பலகைகள் கிடைத்தன. கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேசைகள் செய்து வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். போரால் முள்வேலிக்குள் போனவர், போர் வேண்டாம் என்று சொல்ல மேசையைத் தேர்ந்தெடுத்தார். மேசை என்றால் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இடம் அல்லவா?

முதல் மேசையை 1986-ம் ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க் நகரின் பெரிய தேவாலயம் ஒன்றில் வைத்தார்கள். மற்றொன்று ரஷியத் தலைநகர் மாஸ்கோவுக்குப் போயிற்று. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்கும் ஒன்று போயிற்று.

ஆசியாவுக்கான மேசை எங்கே வந்தது தெரியுமா? புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லுக்கு! 1996-ல் அது வந்து சேர்ந்தது. தந்தை தொழில் தொடங்கிய மண்ணுக்கு, அவர் மறைந்து ஆறு ஆண்டுக்குப் பிறகு, மகள் கொடுத்து அனுப்பிய மேசை அது.

காத்திருக்கும் பலகைகள்

நம் வீடுகளிலும் பாட்டன் காலத்து ஊஞ்சல் பலகை இருக்கும். கல்யாணச் சீராக வந்த கட்டில் இருக்கும். வைரம் பாய்ந்த கட்டையில் ஊர் ஆசாரி செய்து கொடுத்தது. புதிதாக ஒன்று வாங்கும்போது முதலில் விலை போவது அதுதான். மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்த பலகையில் பீரோவும் மேசையும் மலிவாகக் கிடைக்கின்றன. தண்ணீர் பட்டால் உப்பிப் போகின்றன.

மலிவாக வாங்குவது தவறு அல்ல. எல்லாராலும் நகாஷிமாவின் மேசையை வாங்க முடியாது. அவருடைய மேசைகள் ஏலத்தில் பெரிய விலைக்குப் போகின்றன. ஆனால் வீட்டில் இருக்கும் நல்ல மரத்தை விற்கும் முன் ஒரு முறை திருப்பிப் பார்க்கலாம். கால் ஆடினால் ஆப்பு வைக்க ஓர் ஆசாரியைக் கூப்பிடலாம். அவருக்கும் ஒரு நாள் கூலி ஆயிற்று. மரத்துக்கும் இன்னொரு தலைமுறை ஆயுள் ஆயிற்று.

நியூ ஹோப் பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள். நகாஷிமா உயிரோடு இருந்தபோது வாங்கி அறுத்து அடுக்கிய பலகைகள், அவர் மறைந்து பல ஆண்டு கழித்தும் மேசைகளாகி வந்தன.

அவற்றுக்கு உரியவர் யார், எந்த வீட்டுக்குப் போகும் என்பதெல்லாம் அறுக்கும்போது அவருக்கே தெரியாது. பலகையைக் காயவைத்து, வரிசை கலையாமல் அடுக்கிவிட்டுப் போனார். அடியில் பெயர் எழுதும் வேலையை அடுத்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.